ராபின்: பெரிய நிறுவனத்தை விட்டு வெளியேறியதுதான் அவரை உருவாக்கியதா?

வேனில் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். சுவீடன் நாட்டுப் பாடகி ராபினைத் தொடர்ந்து கேட்டுவருபவர்கள் இங்கே சிலராவது இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன்.

'டான்சிங் ஆன் மை ஓன்' என்ற பாட்டு எனக்கு அறிமுகமானது கேலம் ஸ்காட் வழியாகத்தான். 2015இல் பிரிட்டனின் ஒரு தொலைக்காட்சிப் போட்டி மேடையில் அவர் அதை மெதுவாக, நெஞ்சுருகப் பாடினார். அது அவருடைய பாட்டு என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். மூலப் பாட்டு 2010இல் ராபின் பாடியது என்று தெரிந்து தேடிக் கேட்டபோது திகைத்துப்போனேன். மெதுவாகப் பாடினால்தான் துயரம் வரும் என்று எண்ணியிருந்த எனக்கு, கால்கள் தாமாகவே தாளம் போடுகிற இந்த வடிவத்தில்தான் தொண்டை அடைத்தது. அன்றிரவு அதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்த திகைப்பு, 1990களின் இறுதியில் எங்கள் வீட்டு வானொலியில் ஓயாமல் ஒலித்த 'ஷோ மீ லவ்' பாட்டும் இதே ராபின் பாடியது என்று அறிந்தபோது வந்தது. அந்தக் காலத்து அமெரிக்கப் பாப் பாட்டுகளில் ஒன்று என்றுதான் அதை நினைத்திருந்தேன். அந்தப் பதின்வயதுப் பெண்ணும், 2010இல் நடனக்கூடத்தின் மூலையில் நின்று பாடுகிற இந்தப் பெண்ணும் ஒரே ஆள் என்பதை என் காது எளிதில் ஏற்க மறுக்கிறது. இடையில் பெரிய நிறுவனத்தை விட்டு வெளியேறிச் சொந்தமாக ஒரு நிறுவனம் தொடங்கினார் என்று மட்டும் படித்தேன். அந்த வெளியேற்றம்தான் அவரை இப்படி மாற்றியதா, அல்லது நல்ல கூட்டாளிகள் வாய்த்ததா? அவரை முழுமையாக அறிய எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம் என்றும் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பழைய கேசட் எழுதியது:

வணக்கம் வேனில். உங்கள் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்வதற்கு முன் அந்த வெளியேற்றத்தின் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது ஒரே நாளில் நடந்ததன்று. பத்து ஆண்டுகள் பிடித்தது.

ராபின் மிரியம் கார்ல்சன் 1979 ஜூன் 12 அன்று ஸ்டாக்ஹோமில் பிறந்தார். பெற்றோர் இருவரும் சொந்தமாக ஒரு நாடகக் குழு நடத்தியவர்கள். குழு ஊர் ஊராகச் சென்றபோது குழந்தையும் கூடவே சென்றது. 1989இல் ஒரு கார்ட்டூன் படத்தில் குரல் கொடுத்தார். 1991இல் சிறுவர் விளையாட்டு நிகழ்ச்சி ஒன்றுக்கு முகப்புப் பாட்டு பாடினார். பெற்றோர் பிரிந்தபோது அதைப் பற்றித் தானே ஒரு பாட்டு எழுதினார். இசைப் பட்டறை நடத்தப் பள்ளிக்கு வந்திருந்த பாடகி மேயாவின் முன்னால் அந்தப் பாட்டைப் பாடிக்காட்டினார். அதைக் கேட்ட மேயாதான் அவரை இசைத்துறைக்குள் அழைத்துவந்தவர். வீட்டில் நேர்ந்த துயரத்தை மெட்டமைத்துப் பிறர் முன்னால் நின்று பாடுவது என்ற பழக்கம் அந்தப் பள்ளிக் கூடத்திலேயே தொடங்கிவிட்டது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பதின்வயதின் நடுவில் ஒப்பந்தம். 1995இல் 'ராபின் இஸ் ஹியர்' என்ற முதல் ஆல்பம் சுவீடனில் வந்தது; 1997இல் அமெரிக்காவுக்குப் போனது. அதில் இருந்த 'டூ யூ நோ', 'ஷோ மீ லவ்' ஆகிய இரண்டும் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் ஏழாம் இடம்வரை ஏறின. இரண்டையும் உருவாக்கியவர்கள் ஸ்டாக்ஹோமின் செய்ரான் ஒலிப்பதிவுக் கூடத்தைச் சேர்ந்த டென்னிஸ் பாப்பும் மாக்ஸ் மார்ட்டினும். நீங்கள் அதை அமெரிக்கப் பாட்டு என்று நினைத்தது பிழையன்று. அந்தக் காலத்து அமெரிக்கப் பாப் பாட்டு எப்படி ஒலிக்க வேண்டும் என்பதை முடிவு செய்த இடங்களில் ஒன்றாக அந்தக் கூடம் அப்போது மாறிக்கொண்டிருந்தது. பிரிட்னி ஸ்பியர்ஸின் முதல் வெற்றிப் பாட்டை மாக்ஸ் மார்ட்டின் எழுதி அது வெளிவந்தது 1998இல்தான். ராபினின் பாட்டுகள் அதற்கு முந்தியவை. அதே 1998இல் லூக்காஸ் மூடிசன் என்ற சுவீடன் இயக்குநர், ஒரு சிற்றூரில் இரண்டு பள்ளி மாணவிகளுக்கிடையே மலரும் காதலைப் பற்றி எடுத்த படத்தில் 'ஷோ மீ லவ்' ஒலித்தது. ஆங்கிலம் பேசும் நாடுகளில் அந்தப் படம் இந்தப் பாட்டின் பெயரிலேயே திரைக்கு வந்தது.

வெற்றியோடு கூடவே உடல் சோர்வும் வந்தது. அலைச்சல் தாங்காமல் சுவீடனுக்குத் திரும்பி ஓய்வெடுக்க வேண்டியதாயிற்று. அடுத்த ஆல்பமான 'மை ட்ரூத்' 1999இல் வந்தபோதுதான் முதல் பெரிய மோதல். கருக்கலைப்பைப் பற்றிய பாட்டுகள் அதில் இருந்தன. அமெரிக்க நிறுவனம் மாற்றங்கள் கேட்டது. இருபது வயதுப் பெண் மறுத்தார். ஆல்பம் அமெரிக்காவில் வெளிவரவே இல்லை. அந்த மறுப்பின் விலை என்னவென்று எண்ணிப் பாருங்கள். உலகின் மிகப் பெரிய சந்தையில் இரண்டு பாட்டுகள் முதல் பத்து இடங்களுக்குள் வந்து இரண்டே ஆண்டுகள்தாம் ஆகியிருந்தன.

பிறகு ஜைவ் நிறுவனத்துக்கு மாறினார். 2002இல் 'டோன்ட் ஸ்டாப் த மியூசிக்' வந்தது. எந்த நிறுவனத்தை விட்டு வந்தாரோ அதே பி.எம்.ஜி. அந்த ஆண்டில் ஜைவை முழுவதுமாக வாங்கிக்கொண்டதால் மறுபடியும் பழைய கூரையின் கீழேயே நிற்க நேர்ந்தது. கடைசித் துரும்பு 'ஹூஸ் தட் கேர்ள்'. தி நைஃப் என்ற பெயரில் இசையமைத்துவந்த உடன்பிறந்த இருவரோடு சேர்ந்து அவர் செய்த கரடுமுரடான மின்னணுப் பாட்டு அது. நிறுவனத்துக்கு அது பிடிக்கவில்லை. ஒப்பந்தத்திலிருந்து தன்னைத் தானே விலைகொடுத்து மீட்டுக்கொண்டு, 2005இல் கொனிச்சிவா ரெக்கார்ட்ஸ் என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கித் தன் பெயரையே தலைப்பாக்கி 'ராபின்' என்ற ஆல்பத்தை வெளியிட்டார்.

ஆகவே என் பதில், ஆம் என்பதே. அந்த வெளியேற்றம் இல்லையேல் நீங்கள் கேட்ட 2010ஆம் ஆண்டுப் பாட்டு இல்லை.

தாளக்கட்டு எழுதியது:

பழைய கேசட் அவர்கள் சொன்ன வரலாற்றில் எனக்கு மறுப்பில்லை. முடிவில்தான் சிறிது மாறுபடுகிறேன். நிறுவனத்தை விட்டு வெளியேறிய பாடகர்கள் எத்தனையோ பேர். வெளியே வந்தபின் செய்வதற்கு அவர்களிடம் ஒன்றும் இல்லாமல் போனதுதான் பெரும்பாலும் நடந்தது. ராபினிடம் இருந்தது ஒரு ஒலி. அதைக் கண்டுபிடித்த பிறகுதான் அவர் கதவைத் திறந்தார். கதவு திறந்ததால் ஒலி வந்துவிடவில்லை. 'ஹூஸ் தட் கேர்ள்' நிறுவனத்தில் இருக்கும்போதே உருவானது என்பதே அதற்குச் சான்று.

அந்த ஒலி என்ன என்று என்னால் இயன்றவரை விளக்க முயல்கிறேன். வேனில், நீங்கள் கேட்ட பாட்டை நல்ல ஹெட்ஃபோனில் மறுபடி போட்டு, குரலை விட்டுவிட்டு அடியில் ஓடுகிற சிந்தசைசர் பாஸை, அதாவது அந்த மின்னணு வாத்தியத்தின் தாழ்ந்த சுருதி ஒலியை, மட்டும் பின்தொடருங்கள். நிமிடத்துக்கு 117 அடி என்ற வேகத்தில், தையல் இயந்திரத்தின் ஊசி போலச் சீராகக் குத்திக்கொண்டே போகும். மேலே நடப்பது என்ன? தன்னைப் பிரிந்தவன் வேறொரு பெண்ணை முத்தமிடுவதைப் பார்க்கவென்றே நடனக்கூடத்துக்கு வந்து, ஒரு மூலையில் நிற்கிறாள் ஒருத்தி. அவள் குரல் தளும்புகிறது, உயர்கிறது, ஒரு கட்டத்தில் கிட்டத்தட்டக் கூவுகிறது. பாஸ் அவளைப் பொருட்படுத்துவதே இல்லை. அவளுக்காக அது மெதுவாகவில்லை, அவளோடு சேர்ந்து உயரவும் இல்லை. பல்லவிக்கு முன்னால் ஸ்னேர் படபடவென்று சுட்டுத் தள்ளுவதுபோல் ஒலிக்கும் ஓரிடத்தில் மட்டும்தான் இயந்திரம் அவள் பக்கம் திரும்புகிறது. சரி, பின்னால் வரும் வரிகளில் விளக்குகள் எரிந்து இசை ஓய்ந்துவிட்டது என்று அவள் சொல்கிறாள் அல்லவா. அதற்குப் பின்னும் தாளம் ஓடுகிறது. கூடம் மூடிய பிறகும் அவளுக்குள் ஆட்டம் நிற்கவில்லை என்பதாகவே அதை நான் கேட்கிறேன்.

கேலம் ஸ்காட்டின் வடிவத்தில் இசை அவரோடு சேர்ந்து அழுகிறது. அதனால் கேட்பவருக்கு ஆறுதல் கிடைத்துவிடுகிறது. ராபினின் வடிவத்தில் அழுபவள் ஒருத்திதான். சுற்றியிருக்கும் உலகம் ஆடிக்கொண்டிருக்கிறது. உங்கள் தொண்டை அடைத்ததன் காரணம் இதுவாக இருக்கலாம்.

இந்த முறையை அவர் முதலில் முழுமையாகப் பிடித்தது 'வித் எவ்ரி ஹார்ட்பீட்' பாட்டில். ஸ்டாக்ஹோம் இசையமைப்பாளர் க்ளேயருப்போடு சேர்ந்து செய்த இது 2007 ஆகஸ்டில் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. வழக்கமான பல்லவி என்று ஒன்று அதில் இல்லை. பாதியில் தாளம் முழுவதும் விலகி வயலின்கள் மட்டும் எழும். அந்த இடையிசை முடிந்ததும் ஒவ்வொரு இதயத்துடிப்பிலும் வலிக்கிறது என்ற ஒரே கருத்தை அவர் மறுபடி மறுபடி சொல்ல, அடியில் கிக் டிரம் இதயத்துடிப்பாகவே திரும்ப வரும். சொல்லும் தாளமும் ஒன்றாகிவிட்ட இடம் அது. வானொலிக்கு ஏற்ற கட்டமைப்பு இல்லாத ஒரு பாட்டு முதலிடம் பிடித்தது எனக்கு இன்றும் வியப்புத்தான்.

கூட்டாளிகளைப் பற்றிக் கேட்டீர்கள். 2005 ஆல்பத்திலிருந்து க்ளாஸ் ஓலுண்ட் அவருடைய வலதுகை. 'டான்சிங் ஆன் மை ஓன்' பாட்டை ராபினோடு எழுதியவர் பாட்ரிக் பெர்யெர். ராபின் எல்லாவற்றையும் தானே எழுதினார் என்று இணையத்தில் சிலர் பெருமையாகச் சொல்வது உண்மையன்று; 'ஹேங் வித் மீ' முழுக்க ஓலுண்ட் எழுதியது, ராபினுக்குப் பல ஆண்டுகள் முன்பே வேறொரு பாடகி பாடிப் பதிவானது. ஆனால் அதைக் கேட்கும்போது ராபினைத் தவிர வேறு யாருடைய பாட்டாகவும் தோன்றாது. எதைத் தனதாக்கிக்கொள்வது என்று அறிவதும் எழுத்தின் ஒரு பகுதிதானே.

'கால் யுவர் கேர்ள்ஃப்ரெண்ட்' பாட்டையும் தவறவிடாதீர்கள். இங்கே அவர் மறுபக்கத்தில் நிற்கிறார். 'டான்சிங் ஆன் மை ஓன்' பாட்டில் மூலையில் நின்று பார்த்தவளல்லள் இவள். அவன் தேடிவந்த புதியவள். பழைய காதலியிடம் எப்படிப் பக்குவமாகச் சொல்வது, எதைச் சொல்லக் கூடாது என்று அவனுக்குக் கற்றுக்கொடுக்கிறாள். மென்மையும் குரூரமும் ஒரே மூச்சில் வருகின்றன. அதன் காணொளியை மாக்ஸ் விட்டாலி ஒரே ஷாட்டில் எடுத்தார். வெறும் கூடம், மாறுகிற விளக்குகள், தனியாக ஆடும் ஒருத்தி. இரண்டு பாட்டுகளையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஒரே இரவை இரண்டு பேரின் கண்வழியாகப் பார்ப்பதுபோல் இருக்கும்.

ஊசியிலை எழுதியது:

இருவரும் 2010இலேயே நின்றுவிட்டீர்கள். எனக்கு மிகப் பிடித்தது அதற்குப் பின்வந்த நீண்ட மௌனமும் அதிலிருந்து பிறந்த 'ஹனி'யும்தான் என்பதால் அதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

2010இல் அவர் ஒரே ஆண்டில் 'பாடி டாக்' தொடரை மூன்று தவணைகளாக வெளியிட்டார். பெரிய நிறுவனமாக இருந்தால் ஒரு ஆல்பத்துக்குப் பிறகு இரண்டு மூன்று ஆண்டுகள் காத்திருக்கச் சொல்லியிருக்கும். சொந்த நிறுவனம் என்பதால் பாட்டு தயாரானதும் வெளியே அனுப்ப முடிந்தது. இந்த இடத்தில் நான் பழைய கேசட் பக்கம். ஆனால் அதே சுதந்திரம்தான் அடுத்த தனி ஆல்பத்துக்கு எட்டு ஆண்டுகள் எடுத்துக்கொள்ளவும் அவருக்கு இடம்கொடுத்தது என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

அந்த எட்டு ஆண்டுகளும் சும்மா கழியவில்லை. 2014இல் நார்வேயின் ராய்க்சாப் இரட்டையரோடு ஒரு சிறிய ஆல்பம் செய்தார். அதே ஆண்டில் அவருடைய நெடுநாள் நண்பரும் இசைத்தோழருமான கிறிஸ்டியன் ஃபால்க் புற்றுநோயால் இறந்தார். இருவரும் மார்க்கஸ் யேகர்ஸ்டெட்டும் சேர்ந்து தொடங்கியிருந்த பாட்டுகளை முடித்து 2015இல் 'லவ் இஸ் ஃப்ரீ' என்று வெளியிட்டார்கள். காதல் முறிவும் அந்த மரணமும் ஒன்றாக வந்து அவரை வீழ்த்தின என்று பின்னாளில் பேட்டிகளில் மறைக்காமல் பேசியிருக்கிறார்.

2018 அக்டோபர் 26 அன்று 'ஹனி' வந்தது. ஒன்பதே பாட்டுகள். மெட்ரோனமி குழுவின் ஜோசப் மவுண்ட் பெரும்பகுதிக்குத் துணைநின்றார். தலைப்புப் பாட்டின் முந்தைய வடிவம் ஒன்று 2017இலேயே ஒரு அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் ஒலித்துவிட்டது. கேட்டவர்கள் எப்போது வெளியிடுவீர்கள் என்று ஓராண்டுக்கு மேல் கெஞ்சியும், தனக்கு நிறைவு வரும்வரை அவர் விடவில்லை.

தாளக்கட்டு அவர்கள் விவரித்த அந்த இரக்கமற்ற பாஸ் 'ஹனி'யில் இல்லை என்பதுதான் நான் சொல்ல வந்தது. முதற்பாட்டான 'மிஸ்ஸிங் யூ' மட்டும் பழைய ராபினைப் போலத் தொடங்கும். சிந்தசைசர் துளித்துளியாக மினுங்க, இல்லாதவன் விட்டுச்சென்ற வெற்றிடத்தைச் சுற்றியே குரல் நடக்கும். போகப்போகத் தாளம் இளகுகிறது. தலைப்புப் பாட்டை அடையும்போது பாஸ் குத்துவதை விட்டுவிட்டு அலைபோல ஏறி இறங்குகிறது. குரலும் அதன்மேல் சாய்ந்துகொள்கிறது. முன்பு உலகம் அவளைப் பொருட்படுத்தாமல் ஓடியது. இங்கே உலகம் அவளுக்காகக் காத்திருக்கிறது. ஆல்பத்தை வரிசை மாற்றாமல் ஒரே அமர்வில் கேளுங்கள். மொத்தம் நாற்பது நிமிடம்தான்.

2019 மார்ச்சில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் அவருடைய கச்சேரி நடந்தது. முடிந்து வெளியே வந்த கூட்டம் அடியிலிருக்கும் சுரங்க ரயில் நிலைய நடைமேடையில் நின்றபடியே 'டான்சிங் ஆன் மை ஓன்' பாட்டை உரக்கப் பாடியது. அந்தக் காணொளியைப் பாருங்கள். தனியாக ஆடுகிறேன் என்ற பாட்டை ஒருவரையொருவர் அறியாத நூற்றுக்கணக்கானோர் சேர்ந்து பாடுகிறார்கள். நடுவே ரயில் வருகிறது, யாருக்கும் ஏறும் அவசரம் இருப்பதாகத் தெரியவில்லை.

வேனில் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நான்கு நாட்களாக நீங்கள் சொன்னவற்றையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். தாளக்கட்டு அவர்கள் சொன்னபடி பாஸை மட்டும் பின்தொடர்ந்தேன். தையல் இயந்திரம் என்ற உவமை மனத்தில் ஒட்டிக்கொண்டது.

பிறகு 'ஷோ மீ லவ்' பாட்டையும் அதேபோல் கேட்டேன். அங்கே இசை முழுவதும் அவளைத் தாங்கிக்கொள்கிறது. பின்னணிக் குரல்கள் ஒவ்வொரு வரியையும் ஆமோதிக்கின்றன. ஆனால் குரல் அதே குரல்தான். ஒரு சொல்லின் கடைசி அசையைச் சட்டென்று அறுத்து, அடுத்த சொல்லுக்கு முன் சின்ன இடைவெளி விடுகிற பழக்கம் 1997இலும் இருக்கிறது, 2010இலும் இருக்கிறது. என் காது இப்போது ஏற்றுக்கொண்டுவிட்டது. இன்னும் ஒரு கேள்வி மட்டும்: மாக்ஸ் மார்ட்டினோடு அவர் மறுபடி சேரவே இல்லையா?

பழைய கேசட் எழுதியது:

சேர்ந்தார். 2010 தொடரிலேயே 'டைம் மெஷின்' என்ற பாட்டு மாக்ஸ் மார்ட்டினும் இசைத்தயாரிப்பாளர் ஷெல்பேக்கும் சேர்ந்து செய்தது. அதற்குள் மாக்ஸ் மார்ட்டின் உலகப் பாப் இசையின் உச்சத்தில் இருந்தார். ராபின் தன் சொந்த நிறுவனத்தின் உரிமையாளராக அவரை வரவழைத்தார். பழையதைத் திருத்த ஒரு கால இயந்திரம் வேண்டும் என்று ஏங்குகிற பாட்டுக்கு அந்தப் பழைய கூட்டாளியே வந்து அமைந்தது எனக்கு எப்போதும் நெகிழ்ச்சி தருவது. அந்த நிறுவனம் அவருக்கு மட்டுமே பயன்பட்டதும் அன்று. ஸாலா என்ற இளம் பாடகியின் ஆல்பம் 2015இல் அதே கொனிச்சிவாவில்தான் வந்தது.

தாளக்கட்டு அவர்களின் திருத்தத்தையும் ஏற்கிறேன். ஒலி முந்தியது, கதவு பிந்தியது என்பது சரி. அந்த ஒலி எட்டாண்டுகள் கிடந்து 'ஹனி'யாகக் கனிவதற்குக் கதவு திறந்திருக்க வேண்டியிருந்தது என்று மட்டும் என் வாக்கியத்தை மாற்றிக்கொள்கிறேன்.

எதிலிருந்து தொடங்குவது என்ற கேள்விக்கு இன்னும் யாரும் விடைசொல்லவில்லை. 'பாடி டாக்' முதல் தவணையை எடுங்கள். அதன் இறுதிப் பகுதியில் 'ஹேங் வித் மீ' தாளமே இல்லாமல், மெல்லிய வாத்தியத் துணையோடு வரும். அதற்கடுத்து ஒரு பழைய சுவீடன் நாட்டுப்பாடலை அவர் தாய்மொழியில் பாடி அந்தத் தவணையை முடிப்பார். பிறகு இரண்டாம் தவணைக்குப் போங்கள். அதே 'ஹேங் வித் மீ' முழு மின்னணுத் தாளத்தோடு அங்கே காத்திருக்கும். அதன் கடைசியில் 'இன்டிஸ்ட்ரக்டிபிள்' தாளமில்லாமல் வரும். அதற்கும் தாளம் கிடைப்பது அடுத்த தவணையில்தான். முதலில் எலும்பைக் காட்டிவிட்டுச் சில மாதம் கழித்து உடலைக் காட்டுகிறார். இந்த இரண்டு பாட்டுகளையும் இதே வரிசையில் கேட்டுவிட்டு, பாஸ் உள்ளே நுழையும் நொடியில் குரலில் என்ன மாறுகிறது என்று இங்கே வந்து எழுதுங்கள், வேனில். எனக்கு அது இன்னும் சரியாகப் பிடிபடவில்லை.